கரைச் சம்மாட்டி

தலைமன்னாரில் கடலுக்குப் போகாத சம்மாட்டி ஒருவர் இருந்தார். படகும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களை நடத்துபவரை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். இவரிடம் படகும் இருந்தது, வலையும் இருந்தது, கடல்தான் ஒத்துவரவில்லை. படகில் ஏறினால் வாந்தி. ஒருமுறை மாதா கோயில் ஆட்களோடு மணல்திட்டுப் பக்கம் போனபோது, கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கையிலேயே படகின் விளிம்பில் கவிழ்ந்து படுத்துவிட்டாராம். திரும்பி வந்து இறங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, "உவனுக்குப் படகு ஓட்டத் தெரியேல்லை" என்றாராம். ஓட்டியவர் அந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். அவர் படகைக் கட்டப் போய்விட்டார்.

என் அக்காவின் மாமனார் என்பதால் எனக்கும் அவர் மாமா. பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லி எழுதும் அளவுக்கு அவருக்கு மரியாதை செய்ய எனக்கு மனமில்லை.

கரைவலை இழுப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வலையின் ஒரு பக்கக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுப் படகு கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை வளைத்துப் போட்டுவிட்டு மறுபக்கக் கயிற்றோடு கரைக்குத் திரும்பும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று உள்ளங்கை கிழியக் கிழிய இழுப்பார்கள். எந்தப் பக்கம் பிந்துகிறது, எந்தப் பக்கம் முந்துகிறது என்று பார்த்து, நடுவில் நின்று ஒருவர் குரல் கொடுக்கவேண்டும். அது தேவையான வேலைதான், நான் மறுக்கவில்லை. மற்றச் சம்மாட்டிமார் குரலும் கொடுப்பார்கள், வலை கனக்கும்போது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றிலும் கை வைப்பார்கள். எங்கள் மாமா கயிற்றைத் தொட்டதை ஊரில் ஒருவரும் கண்டதில்லை. கையில் கறுப்புக் குடை, தோளில் வெள்ளைத் துவாய், வாயில் ஓயாத கூச்சல்.

"வடக்காலை தளர விடு! தெற்காலை இறுக்கு! டேய், உனக்குக் கண் பிடரியிலையோ?"

வலையின் மடி நிறைய மீன் வந்தால், "நான் சொன்னபடி இழுத்தபடியாலைதான்" என்பார். பாசியும் குப்பையும் வந்தால், "சொன்னதைக் கேட்டாத்தானே" என்பார். இந்த இரண்டு வசனங்களையும் வைத்துக்கொண்டே ஒரு மனிதன் ஆயுளை ஓட்டிவிடலாம் என்பதை நான் அவரிடம்தான் கண்டேன். அதற்குமேல் அவருக்கு ஒரு வேதவாக்கும் இருந்தது. "கரையிலை நிண்டு பாக்கிறவனுக்குத்தான் முழு வலையும் தெரியும். கயிறு இழுக்கிறவனுக்குத் தன்ர கயிறு மட்டும்தான் தெரியும்." கரைவலைக்கு அது சரியாக இருக்கலாம். அவர் அதை உலகத்துக்கே பொதுவாக்கிக்கொண்டார்.

இயக்கத்துக்கும் ஆமிக்கும் நடந்த சண்டை முற்றி, நேவி கடலை மூடியது. ஆழக் கடலுக்குப் போகத் தடை, கரையோரத்தில் தொழில் செய்வதற்கும் பாஸ். கரைவலைக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் விட்டார்கள். ஊர் அரை வயிற்றோடு கிடந்த காலம் அது. கடலுக்குப் போகாத மனிதருக்கோ பொற்காலமாகிவிட்டது. "பாத்தியளோ, நான் அப்பவே சொன்னனான். ஆழத்துக்குப் போறதும் ஒரு தொழிலோ?" என்று கோயில் முற்றத்தில் நின்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் ஆழக் கடலை நம்பி வாழ்ந்தவர்கள்.

இந்தக் கூச்சலெல்லாம் ஆமியின் சென்றிக் காவலரண் வரைக்கும்தான். மன்னார் டவுனுக்குப் போகும் பஸ்ஸை வழியில் மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாயின் முன்னால் மாமாவின் துவாய் தோளிலிருந்து கக்கத்துக்கு இறங்கிவிடும். "ஓம் மாத்தயா, சரி மாத்தயா" என்று சிங்கள 'ஐயா' போட்டுக் குரல் நூலாகிவிடும். நாங்களும் குனிந்துதான் போனோம். உயிர்ப் பயம் எல்லோருக்கும் பொது, அதற்காக ஒருவரை இகழமாட்டேன். ஆனால் பஸ் மறுபடி புறப்பட்டதும், "நான் கதைச்சபடியாலைதான் உங்களை விட்டவங்கள்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னது அவர் ஒருவர்தான். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். இவர் கதையில் காகம் அந்த மரத்துப் பக்கமே போகவில்லை.

அக்காவை அவருடைய மகன் விரும்பிக் கட்டினார். எங்களுடையது வசதியில்லாத வீடு. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா ஒரு தையல் மெசினை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் வளர்த்தா. அக்கா கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பாள். அவள் சிரித்தால் அடுத்த வளவுக்குக் கேட்கும். அத்தானும் நல்லவர்தான். ஒரே குறை, தகப்பனின் குரல் கேட்டால் அவருடைய முதுகெலும்பு காணாமல் போய்விடும். கலியாண விஷயத்தில் மட்டும் எப்படியோ நிமிர்ந்து நின்று, சாப்பிடாமல் கிடந்து சாதித்துவிட்டார். கலியாணப் பந்தலில் மாமா நடுவில் நின்று, "வசதியில்லாத வீடுதான். பரவாயில்லையெண்டு நான் விட்டனான்" என்று விருந்தாளிகளுக்கு அறிவித்தார். அம்மா அப்போது பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டு நின்றா. கையிலிருந்த அகப்பையை வைக்காமல் பரிமாறி முடித்தா. அன்றிலிருந்து அவரோடு நேரே கதைப்பதை விட்டுவிட்டா. ஏதும் சொல்ல இருந்தால், "மாமாவிட்டைச் சொல்லு பிள்ளை" என்று என்னிடம் சொல்லுவா.

அத்தான் அலைந்து உலைந்து நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த நாட்டின் வடகோடியில் ஒரு மீன்பிடி ஊர், அங்கே ஒரு மீன் தொழிற்சாலை, அதில் மீன் வெட்டும் வேலை. மாமா ஊருக்குச் சொன்னது வேறு. "என்ர மோன் மீன் கம்பெனியிலை மனேஜர்." மீன் வெட்டுவதில் என்ன கேவலம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தலைமன்னாரில் மீனால் சாப்பிடாத வீடு எது?

பிறகு அக்காவையும் அவர்களின் சின்ன மகளையும் கூப்பிட அத்தானுக்கு வழி கிடைத்தது. உடனே மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. புறப்பட முந்திக் குளிரைப் பழக்கவேண்டுமாம். டவுனில் தனக்குத் தெரிந்த மீன் முதலாளியின் ஐஸ் அறைக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். மீன் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கதிரையைப் போட்டு, அக்காவை அதில் இருத்தி, பிள்ளையை மடியில் வைத்து, கதவைச் சாத்தினார். நானும் கூடப் போயிருந்தேன். தான் வெளியில் வெயிலில் நின்றுகொண்டு, கதவு இடுக்கில் வாயை வைத்து, "மூச்சை இழுத்து விடுங்கோ! பழகும், பழகும்!" என்று கத்தினார். நீங்களும் உள்ளே போங்களேன் மாமா என்று கேட்டேன். "எனக்கு இருமல், பிள்ளை" என்றார். அக்கா முதலில் சிரித்தாள். பிறகு அவளுடைய சிரிப்புச் சத்தம் நின்று, பிள்ளையின் அழுகை மட்டும் கேட்டது. நான் கதவைத் திறந்துவிட்டேன். அன்றிரவே பிள்ளைக்குக் காய்ச்சல் பிடித்து, நெஞ்சில் சளி கட்டி, பயணமே தடைப்படப் பார்த்தது. "தாய்க்காரி பிள்ளையை ஒழுங்காய்ப் போத்தி வைச்சிருக்கேல்லை" என்பதுதான் மாமாவின் தீர்ப்பு.

அப்படி ஒருவழியாக அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாமாவின் உண்மையான ஆட்சி தொடங்கியது. தலைமன்னார்க் கரையில் நின்றுகொண்டு நோர்வேயில் ஒரு குடும்பத்தை நடத்தத் தொடங்கினார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் மாமாவும் அம்மாவும் நானும் பஸ் ஏறுவோம். எங்கள் தீவின் தாராபுரம் தாண்டி டவுனுக்குப் போனால் அங்கே ஒரு ரெலிபோன் கடை. சொன்ன நேரத்துக்கு அத்தான் நோர்வேயிலிருந்து அழைப்பு எடுப்பார். கடையில் பலகையால் அடைத்த சின்னக் கூடு ஒன்று இருந்தது, உள்ளே போய்த் தனியாகக் கதைக்கலாம். மாமாவுக்கு அது பிடிக்காது. "உதுக்குள்ளை மூச்சு முட்டுது. ஸ்பீக்கரிலை போடு தம்பி" என்று கடைக்காரருக்குக் கட்டளையிடுவார். காரணம் மூச்சு அல்ல, தான் வெளிநாட்டுக்கு உத்தரவு போடுவதை, முறைக்குக் காத்து வாங்குப் பலகையில் இருக்கும் சனம் கேட்கவேண்டும். கதைக்கக் கிடைத்த நேரத்தை அவர் ஒருவரே தின்று முடிப்பார். அம்மாவுக்கு மிஞ்சுவது, "சுகமோ பிள்ளை? சாப்பிட்டியோ?" என்ற அளவுதான்.

அங்கே பள்ளியில் பிள்ளைகளைப் பனிக்குள் வெளியே விளையாட விடுகிறார்கள் என்று அக்கா ஒருநாள் ஆச்சரியமாகச் சொன்னாள்.

"பனிக்குள்ளையோ? பிள்ளையைச் சாக்கொல்லப் பாக்கிறாங்கள்! நாளையிலையிருந்து விடாதை. வீட்டிலை வைச்சிரு."

பிள்ளை வீட்டோடு நின்றது. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமே, அதனால் அக்கா போய்க்கொண்டிருந்த மொழி வகுப்பும் நின்றது. தொழிற்சாலையில் பெண்களுக்கும் வேலை இருக்கிறது, தெரிந்த தமிழ்ப் பெண்கள் சிலர் அங்கே வேலை செய்கிறார்கள் என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். மாமா வாங்கில் இருந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "சம்மாட்டி வீட்டுப் பொம்பிளை கூலிக்கு மீன் வெட்டுறதோ? ஊர் என்ன சொல்லும்?" என்று உறுமினார். அதுவும் நின்றது. எங்கோ ஒரு பனி மலைக்குக் கீழே, மேல்மாடியில் ஒரு சின்ன வீட்டுக்குள், வெளியே ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் என் அக்கா அடைபட்டுப் போனாள். அடைத்தவர் மன்னாரில் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்.

அந்த ஊரில் பனிக்காலத்தில் சூரியன் மேலே வருவதில்லை. இன்று இது எல்லோருக்கும் தெரியும். அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு ஞாயிறு, மாமா இருமலுக்குத் தண்ணீர் குடித்த இடைவெளியில் நான் ரிசீவரை எடுத்துவிட்டேன்.

"தங்கச்சி, இஞ்சை இப்ப வெயில் இல்லையடி. சூரியன் வாறதே இல்லை. நாள் முழுக்க இருட்டுத்தான்" என்றாள் அக்கா. அது ஸ்பீக்கரில் கடை முழுவதும் கேட்டது.

மாமா தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு ரிசீவரைப் பறித்தார். "சூரியன் வராமல் எங்கை போறது? எந்தப் பக்க யன்னலைத் திறந்து பாக்கிறாய்? கிழக்குப் பக்கம் திறந்து பார்!"

"கிழக்குப் பக்கமும் பாத்தனான் மாமா. வரேல்லை."

"நேரத்துக்கு எழும்பினால்தானே சூரியனைக் காணலாம். மத்தியானம் வரைக்கும் படுத்துக் கிடந்தால் சூரியன் வந்து எழுப்புமோ?"

வாங்கில் இருந்த சனம் சிரித்தது. மாமாவுக்கு அன்று முழுவதும் நல்ல சந்தோஷம். சூரியன் விஷயத்திலும் கரையில் நின்றவருக்குத்தான் முழு வலையும் தெரிந்திருந்தது. மறுமுனையில் அக்கா, "ஓம் மாமா" என்றாள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவளிடமிருந்து வந்ததெல்லாம் அந்த "ஓம் மாமா"தான். அம்மா பஸ்ஸில் திரும்பும்போது ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி வருவா. மடுக் கோயிலுக்குப் போய் மாதாவிடம் அழ வேண்டும்போல இருக்கிறது என்பா. அந்த நாட்களில் மடுப் பக்கம் போக வழியில்லை. நடுவில் இரண்டு தரப்பின் காவலும் இருந்தன.

அடுத்த மார்கழியில் அத்தானே வாயைத் திறந்தார்.

"அப்பா, இவ ஒழுங்காய்ச் சாப்பிடுறாவில்லை. எழும்புறாவில்லை. பிள்ளை கூப்பிட்டாலும் சுவரைப் பாத்தபடி இருக்கிறா. டொக்டரிட்டைக் காட்டினனான். வெளியிலை போகவேணுமாம், ஆக்களோடை பழகவேணுமாம். இப்பிடியே விட்டால் ஆபத்தாம். பிள்ளையைப் பள்ளிக்கு விட்டிட்டு, இவவை என்னோடை கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டோ?"

கடையில் அன்று நல்ல சனம். கொஞ்சம் யோசிக்கிறேன் என்றுகூட அந்த மனுசன் சொல்லவில்லை.

"மீன் வெட்டவோ? ஒருக்காச் சொன்னால் விளங்காதோ? அனுப்பிவிடு."

"எங்கை அப்பா?"

"இஞ்சை. தாய் வீட்டுக்கு. இஞ்சை வெயில் இருக்கு, கோயில் இருக்கு. கொஞ்ச நாளிலை சுகம் வந்திடும். நான் பாத்துக்கொள்ளுறன்."

"அங்கை இப்ப நிலைமை சரியில்லையே அப்பா. வந்தால் பிறகு திரும்பி எடுக்கேலுமோ தெரியாது."

"அதெல்லாம் நான் பாக்கிறன்."

எதைப் பார்ப்பார்? அந்தக் கிழமைதான் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவனுடைய தாய் முகாம் முகாமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தா. கரையில் பின்னேரத்துக்குப் பிறகு ஒருவரும் நடமாடுவதில்லை. அந்த ஊருக்கு, உடைந்துபோய்க் கிடக்கும் ஒருத்தியையும் ஒரு குழந்தையையும் வரச் சொல்கிறார். அவர்கள் மறுபடி அங்கே போகமுடியாமல் போனால், அக்காவின் வாழ்க்கை அதோடு முடிந்தது. கடையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். மறுமுனையில் அத்தான், "சரி அப்பா. பிளேன் ரிக்கற் பாக்கிறன்" என்றார்.

அம்மா வாங்கிலிருந்து எழும்பினா. மாமாவுக்கு முன்னால் போய் நின்று, அவர் கையிலிருந்த ரிசீவரை எடுத்தா. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கை தானாக விட்டுவிட்டது.

"தம்பி, நான் மாமி கதைக்கிறன். அவளை இஞ்சை அனுப்பாதேங்கோ. அனுப்பினால் நான் கதவு திறக்கமாட்டன். என்ர வீட்டிலை அவளுக்கு இடமில்லை."

"மாமி, அவ எனக்குப் பக்கத்திலைதான் நிக்கிறா. கேட்டுக்கொண்டு நிக்கிறா."

"கேக்கட்டும். கட்டிக் குடுத்தாச்சு. இனி அவள் உங்கடை பொறுப்பு. நோயெண்டாலும் சாவெண்டாலும் அங்கை பாருங்கோ."

"அம்மா?" என்று அக்காவின் குரல் கேட்டது. அம்மா ரிசீவரைக் கீழே வைத்துவிட்டா.

எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பேச்சின் பலம் விளங்கும். மாமா பெண்சாதி இல்லாத தனிக்கட்டை. புருசன் இல்லாத வீட்டில், மாமனார் மட்டும் இருக்கும் இடத்தில், இளம் மருமகள் வந்து தங்கமுடியாது. தாய் வீடு கதவைச் சாத்திவிட்டால் அவளை அனுப்ப இடமே இல்லை. மாமாவுக்கும் அது உடனே விளங்கியிருக்கவேண்டும். முகம் கறுத்துப் போய், "பெத்த தாயோ இது? கல்லு! கல்லு!" என்று கடையே அதிரக் கத்தினார். சனம் அம்மாவைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தது. ஒரு கிழவி தலையில் அடித்துக்கொண்டா. அம்மா சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தா.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். இப்படியா சொல்லுவது, அவளை வேலைக்கு விடச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"நான் கெஞ்சினால் அந்த மனுசன் இன்னும் இறுக்கும். மருமோனும் தகப்பனைத் தாண்டமாட்டார்" என்றா அம்மா. "இஞ்சை வர வழியில்லையெண்டு தெரிஞ்சால்தான் அங்கை ஒரு வழி தேடுவினம்."

"அக்கா என்ன நினைப்பாள் அம்மா?"

"நினைக்கட்டும். உயிரோடை இருந்து நினைக்கட்டும்."

பிறகு என்னை மடு மாதா படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இதை அக்காவிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினா. சொன்னால் அவள் புருசனோடு சண்டைக்குப் போவாள், அவர் தகப்பன் பக்கம் நிற்பார், அந்நிய நாட்டில் அவர்கள் இருவரும் பிரிந்தால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டா. நான் சத்தியம் செய்தேன். அம்மா அதன் பிறகு மெசினில் போய் இருந்தா. தைக்கவில்லை, வெறுமனே இருந்தா.

அடுத்த மாதம் மாமா எங்களைச் சேர்க்காமல் தனியாகத்தான் டவுனுக்குப் போனார். போய், "சரி, வேலைக்கு விடு. நான் விடுறன். ஆனால் கையுறை போட்டுத்தான் மீன் வெட்டவேணும்" என்று உத்தரவு கொடுத்தார். பக்கத்தில் இருந்து கேட்டவர் வந்து சொன்னார். அந்தத் தொழிற்சாலையில் கையுறை போடாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள் என்பது மாமாவுக்குத் தெரியாது. அதைவிட, அக்காவை அத்தான் முந்திய கிழமையே அங்கே கூட்டிக்கொண்டு போகத் தொடங்கிவிட்டார், தகப்பனிடம் பிறகுதான் கேட்டார் என்பதும் தெரியாது. ஆனால் கூட்டிக்கொண்டு போன அன்றே அத்தான் அக்காவிடம் சொன்னது, "அப்பா விட்டிட்டார்" என்று. தன் முதுகெலும்பு முதல்முறை அசைந்ததைக்கூடத் தகப்பனின் கணக்கில் எழுதிய மனிதரை என்ன செய்வது?

அக்கா பிழைத்தாள். முதலில் மீன் மேசையில் நின்றாள். பிள்ளை பள்ளிக்குப் போனதும் மொழி வகுப்புக்கும் போனாள். சில வருடங்களில் வயதானவர்களைப் பராமரிக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் போட்டுத் தொழிற்சாலையில் நிற்கும் படம் ஒன்றை மாமாவுக்கு அனுப்பியிருந்தாள். மாமா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயில் முற்றத்தில் ஒவ்வொருவருக்கும் காட்டினார். "மனம் உடைஞ்சு கிடந்த பிள்ளை. பெத்த தாய் கைவிட்டிட்டா. நான்தான் வேலைக்கு விட்டு ஆளாக்கினனான்." கூலிக்கு மீன் வெட்டும் சம்மாட்டி வீட்டுப் பொம்பிளையைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்ற கவலை எங்கே போனது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அம்மா அதே முற்றத்தில், பெண்கள் பக்கத்தில், செருப்பைத் தேடிக்கொண்டு நின்றா.

சமாதான காலம் என்று கொஞ்சநாள் வந்தபோது அக்கா குடும்பத்தோடு வந்தாள். தங்கியது மாமா வீட்டில். அவருக்கென்று தடித்த கம்பளிச் சட்டை ஒன்று கொண்டுவந்திருந்தாள். அந்த மனுசன் மன்னார் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் வியர்வை ஒழுகப் பூசைக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு அக்கா விருந்தாளிபோல ஒரு பின்னேரம் வந்து, கதிரையின் நுனியில் இருந்தாள். அம்மாவுக்கு மூட்டு வலித் தைலமும் சொக்லேற் பெட்டியும் கொடுத்தாள். அம்மா விடியற்காலையிலிருந்து நண்டுக் குழம்பு வைத்து, புட்டு அவித்து வைத்திருந்தா.

"சாப்பிடு பிள்ளை."

"மாமா வீட்டிலை சாப்பிட்டிட்டன் அம்மா."

"கொஞ்சமாவது?"

"வேண்டாம். நேரம் போச்சு, மாமா தேடுவார்."

அம்மா சட்டியை மூடி வைத்தா. நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி மூடிக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் முறிந்து, சண்டை மறுபடி தொடங்கிய பிறகு ஒரு மழை நாளில் மாமா செத்தார். படுக்கையில், காய்ச்சலில். பெட்டி மூடும்வரை சனம் அவருடைய நல்ல குணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு வரமுடியவில்லை. எங்கள் வீட்டுக்கு அப்போது ரெலிபோன் வந்திருந்தது. அன்று பின்னேரம் எடுத்து, அம்மாவிடம் தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அவர் இல்லாட்டி நான் அந்த இருட்டுக்குள்ளையே செத்திருப்பன் அம்மா. நீங்கள் எல்லாரும் கைவிட்ட நேரம் அவர்தான் என்னை வெளியிலை விட்டவர்."

"ஓம் பிள்ளை" என்றா அம்மா. "நல்ல மனுசன்."

அவருக்காக அழுத அந்த அழுகை என் தாய்க்குச் சேரவேண்டியது. உயிரோடு இருந்தபோது ஊரின் மீனை, மகனின் தைரியத்தை, ஏன், சூரியனைக்கூடத் தன் பெயரில் எழுதிக்கொண்ட மனிதர், செத்தும் என் தாயின் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசாதே என்பவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

அக்கா, நீ தமிழில் எது அச்சில் வந்தாலும் தேடிப் படிப்பாய் என்று உன் மகள் சொன்னாள். இதையும் படிப்பாய். அன்று அம்மா கதவைச் சாத்தியிராவிட்டால் உன்னை இந்த ஊருக்கு ஏற்றி அனுப்பியிருப்பார்கள். உன்னை வேலைக்கு விட்டது மாமா இல்லை. சத்தியத்தை மீறியதற்கு மாதாவிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ செய்யவேண்டியது ஒன்றுதான். அம்மா பின்னேரங்களில் வீட்டில்தான் இருக்கிறா. காது இப்போது கொஞ்சம் மந்தம். ரெலிபோன் எடுத்தால் சத்தமாகப் பேசு.